இணையத்தில் டிவி: ஒளிபரப்பு, உரிமம், காப்புரிமை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவி பார்ப்பது ஆன்டெனாவையும் கேபிளையும் விட்டு இணையத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. பார்ப்பவருக்கு அது வசதிதான். ஆனால் ஒரு நிகழ்ச்சியை யார் அனுப்பலாம், யார் பதிந்து வைக்கலாம், எந்த நாட்டில் காட்டலாம், எழுதியவருக்கும் நடித்தவருக்கும் என்ன போய்ச் சேர வேண்டும் என்ற கணக்குகளில் பெரும்பாலானவை பழைய முறைக்காகப் போடப்பட்டவை. அதனால் எழும் சந்தேகங்களுக்கு இங்கே பதில்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்தத் தீர்ப்பு எந்த நாட்டுடையது என்பதை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

ஒளிபரப்பிலும் ஸ்ட்ரீமிங்கிலும் ஒரே நிகழ்ச்சிதானே வருகிறது? சட்டம் ஏன் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது?

நிகழ்ச்சி ஒன்றுதான், வந்து சேரும் விதம் வேறு. ஒளிபரப்புக் கோபுரம் ஒரே சிக்னலை வானில் விடுகிறது. அதைப் பத்துப் பேர் பிடித்தாலும் பத்து லட்சம் பேர் பிடித்தாலும் செலவு ஒன்றுதான். யார் பார்க்கிறார்கள் என்பதும் கோபுரத்துக்குத் தெரியாது. ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பவரின் கருவி கேட்டால்தான் சர்வர் அனுப்பும். நிகழ்ச்சியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாராக வைத்திருப்பார்கள். இணைப்பு வேகமாக இருந்தால் தெளிவான துண்டு வரும். தடுமாறினால் அடுத்த துண்டு மங்கலாக வரும். ஆப்பிள் 2009-இல் வெளியிட்ட ஹெச்எல்எஸ் என்ற அனுப்பும் முறையும், 2012-இல் பொதுத் தரமாக வந்த டேஷ் முறையும் இப்படித்தான் இயங்குகின்றன.

இதனால் காப்புரிமையில் (காப்பிரைட்) இரண்டு பெரிய மாற்றங்கள். முதலாவது, வழி நெடுக நகல்கள் உருவாகின்றன: மூல சர்வரில், உங்களுக்கு அருகில் பிரதியை வைத்திருக்கும் கேஷ் சர்வரில், உங்கள் கருவியின் நினைவகத்தில். நகலெடுக்கும் உரிமைதான் காப்புரிமையின் அடித்தளம். ஆகவே டிவியில் யாரிடமும் அனுமதி கேட்காமல் பார்த்த ஒன்று, இணையத்தில் உரிமம் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. இரண்டாவது, நீங்கள் யார், எந்த நாட்டில் இருக்கிறீர்கள், எந்தக் கருவியில் பார்க்கிறீர்கள் என்பது சர்வருக்குத் தெரியும். எனவே ஆளுக்கு ஆள் நிபந்தனை போட முடிகிறது. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் இருந்து கிளைத்தவைதான்.

அப்படியென்றால் பார்க்கும்போது என் கருவியில் தற்காலிகமாகச் சேரும் நகலும் மீறலா?

உரிமம் பெற்ற சேவையில் பார்த்தால் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டு காப்புரிமை நெறிமுறை இத்தகைய இடைக்கால நகல்களுக்கு விலக்கு தருகிறது. இந்தியச் சட்டத்திலும் 2012 திருத்தம் இதற்கு இடம் தந்தது.

உரிமம் இல்லாத மூலத்தில் இருந்து பார்க்கும்போது கதை மாறுகிறது. திருட்டு ஸ்ட்ரீம்களுக்கான இணைப்புகளை முன்கூட்டியே ஏற்றிய மீடியா பாக்ஸ்களை நெதர்லாந்தில் ஒருவர் விற்றார். அந்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பாக்ஸை விற்றதே மீறல் என்ற பாதிதான் செய்திகளில் பெரிதாக வந்தது. அப்படிப்பட்ட மூலத்தில் இருந்து வரும் தற்காலிக நகலுக்கு விலக்கு பொருந்தாது என்ற மறுபாதி, பார்ப்பவரையும் தொடுகிறது.

சர்வதேசச் சட்டத்தில் இணையத்துக்கென்று தனி உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை ஒளிபரப்பாளர்களுக்குத் தங்கள் ஒளிபரப்பின் மீது குறைந்தது 20 ஆண்டு உரிமை தந்தது. அது வானொலி அலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் கீழ் 1996-இல் உருவான காப்புரிமை ஒப்பந்தம், மக்கள் தாங்கள் விரும்பும் நேரத்தில் விரும்பும் இடத்தில் இருந்து எடுத்துப் பார்க்கும்படி ஒரு படைப்பை வைப்பதைத் தனியொரு உரிமையாக அறிவித்தது. படைப்பாளியின் அனுமதி இல்லாமல் அதைச் செய்ய முடியாது. இன்று ஓடிடி ஒப்பந்தங்கள் நிற்பது இந்தச் சிறு விதியின் மேல்தான்.

டிவி நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது சட்டப்படி சரியா?

பல நாடுகளில் சொந்த உபயோகத்துக்குப் பதிவது அனுமதிக்கப்பட்டதே. இதில் உலகம் முழுவதும் பேசப்பட்ட வழக்கு, சோனியின் பீட்டாமேக்ஸ் ரெக்கார்டர் மீது ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் தொடுத்தது. ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து வேறு நேரத்தில் பார்ப்பது நியாயமான உபயோகம், அதாவது அனுமதி கேட்காமலே செய்யக்கூடியது என்று 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. ஒரு நீதிபதி மாறியிருந்தால் வீட்டு ரெக்கார்டரின் வரலாறே வேறாகியிருக்கும்.

பிறகு ரெக்கார்டர் வீட்டை விட்டு நிறுவனத்தின் சர்வருக்குப் போனது. கேபிள்விஷன் என்ற கேபிள் நிறுவனம் அப்படிச் செய்தபோது, பொத்தானை அழுத்துபவர் வாடிக்கையாளர், ஆகவே நகலெடுப்பவரும் அவர்தான் என்று நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொருவரின் நகலும் அவருக்கு மட்டுமே காட்டப்பட்டது என்பதும் தீர்ப்புக்குக் காரணம். விளைவைப் பாருங்கள்: ஆயிரம் பேர் ஒரே தொடரைப் பதியச் சொன்னால், சர்வரில் அதே கோப்பு ஆயிரம் முறை எழுதப்பட வேண்டும். ஒன்றை வைத்து எல்லோருக்கும் காட்டினால் சட்டச் சிக்கல். பொறியாளருக்கு இது வீண்செலவு. வழக்கறிஞருக்கு இதுதான் பாதுகாப்பு.

ஓடிடி ஆப்பில் டவுன்லோடு செய்வதும் இதே போன்றதா?

இல்லை. அது உங்கள் பதிவு அல்ல; கெடு தேதியுடன் வரும் உரிமம். சந்தா முடிந்தாலோ, அந்த நிறுவனத்துக்கு இருந்த உரிமை தீர்ந்தாலோ கோப்பு திறக்காது. இதைக் கட்டுப்படுத்துவது டிஆர்எம் என்ற மென்பொருள் பூட்டு: கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன.

பூட்டை உடைப்பது பற்றிய சட்டங்களில் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம், குறிப்பிட்ட சில விலக்குகளைத் தவிர, உடைக்கும் செயலையே தடை செய்கிறது. இந்தியச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, காப்புரிமையை மீறும் நோக்கத்துடன் உடைத்தால்தான் குற்றம் என்கிறது. பின்னதுதான் நியாயமானது என்பது என் உறுதியான கருத்து. நியாயமான உபயோகத்துக்குச் சட்டம் ஒரு கையால் அனுமதி தந்துவிட்டு, பூட்டைத் தொட்டதற்காக மறு கையால் தண்டிக்கக் கூடாது.

வானில் இலவசமாக வரும் சேனலை இணையத்தில் அப்படியே விட்டால் என்ன தவறு? அது எப்படியும் இலவசம்தானே?

நியாயமாகத் தோன்றும் கேள்விதான். முயன்றவர்கள் பலர், ஏறக்குறைய எல்லோருமே நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

முதலில் கேபிளின் கதை. வானில் வரும் சேனல்களை உயரமான ஆன்டெனாவில் பிடித்துக் கம்பி வழியாக வீடுகளுக்குத் தந்தபோது, கேபிள்காரர் ஒளிபரப்பாளர் அல்ல, பார்ப்பவரின் ஆன்டெனாவைப் போன்றவரே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968-இலும் 1974-இலும் சொன்னது. 1976-இல் நாடாளுமன்றம் அதை மாற்றியது. கேபிள்காரர் அனுமதி பெற வேண்டும் என்றது. ஆனால் ஒவ்வொரு படைப்பாளியையும் தேடி அலையாமல், சட்டம் சொல்லும் தொகையைக் கட்டிவிட்டு மறுஒளிபரப்பு செய்யும் கட்டாய உரிமத்தையும் தந்தது.

இணையத்துக்கு அந்த வழி கிடைக்கவில்லை. 1999 இறுதியில் டொரோன்டோவில் இருந்து ஐகிரேவ்டிவி என்ற தளம் கனடா, அமெரிக்கச் சேனல்களை இணையத்தில் விட்டது. பார்ப்பவர் கனடாவில்தான் இருக்கிறார் என்பதற்கு, அவர் தட்டும் தொலைபேசிப் பகுதிக் குறியீடுதான் சான்று. எல்லைக்கு அப்பால் இருப்பவரும் அந்த எண்ணைத் தட்டலாமே? அமெரிக்க நீதிமன்றம் தடை விதிக்க, சில மாதங்களில் அது மூடப்பட்டது.

2012-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஏரியோ இன்னும் நுட்பமாகத் திட்டமிட்டது. நாணய அளவே உள்ள ஆன்டெனாக்களை ஆயிரக்கணக்கில் பலகைகளில் அடுக்கி வைத்தார்கள். நீங்கள் ஒரு சேனலைத் தேர்ந்தால் அவற்றில் ஒன்று அந்த நேரத்துக்கு உங்களுக்கு மட்டும் ஒதுக்கப்படும். அது பிடிக்கும் சிக்னல் உங்கள் பெயரில் தனி நகலாகப் பதிந்து உங்களுக்கு மட்டும் வரும். கேபிள்விஷன் தீர்ப்பை ஒவ்வொரு வரியாகப் படித்துக் கட்டிய இயந்திரம் அது. 2014 ஜூன் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று எதிராகத் தீர்ப்பளித்தது: உள்ளே ஆன்டெனா எப்படி அடுக்கப்பட்டிருந்தாலும், வெளியில் இருந்து பார்த்தால் இது கேபிள் செய்யும் வேலைதான். சரி, அப்படியென்றால் கேபிளுக்குரிய கட்டாய உரிமத்தைத் தாருங்கள் என்று ஏரியோ கேட்டது. அதுவும் மறுக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனம் திவாலானது.

ஐரோப்பாவிலும் இதே முடிவுதான். சேனல்களை இணையத்தில் விட்ட டிவிகேட்ச்அப் மீதான வழக்கில், பார்ப்பவர் அதே சேனலை வீட்டு ஆன்டெனாவில் சட்டப்படி பார்க்கக்கூடியவராகவே இருந்தாலும், இணையத்தில் அனுப்புவது புதியதொரு பரப்புதல், அதற்குத் தனி அனுமதி தேவை என்று 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு உள்ள விலக்கை நம்பி 2018-இல் தொடங்கிய லோகாஸ்ட் என்ற இதே போன்ற சேவை, நன்கொடைப் பணத்தைப் புதிய நகரங்களுக்கு விரிவாக்கச் செலவிட்டதால் அந்த விலக்கை இழந்து 2021-இல் நின்றது.

கேபிளுக்குத் தந்ததை இணையத்துக்கும் தந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஒரு பகுதியில் இலவசமாக வரும் சேனலை, அதே பகுதியில் உள்ளவருக்கு, மாற்றாமல், படைப்பாளிகளுக்குச் சட்டம் சொல்லும் தொகையைக் கட்டி, இணையத்தில் தருவதைத் தடுப்பதால் யாருக்கு லாபம்? மாடி ஆன்டெனா வைக்க வழியில்லாதவருக்கு நஷ்டம் என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு தொடர் ஒரு நாட்டில் கிடைக்கிறது, இன்னொரு நாட்டில் கிடைப்பதில்லை. ஏன்?

உரிமைகள் நாடு நாடாக விற்கப்படுவதால். படப்பிடிப்பு தொடங்கும் முன்பே ஒவ்வொரு நாட்டுச் சேனலுக்கும் தனித்தனியாக விற்று, அந்த முன்பணத்தில்தான் பல தொடர்கள் எடுக்கப்படுகின்றன. எல்லையைக் கலைத்துவிட்டால் அந்த முதலீட்டு வழி அடைபடும் என்ற தயாரிப்பாளரின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் எல்லைச் சுவர்கள் அங்கங்கே தளர்ந்திருக்கின்றன. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் ஒரு பப்பில் (மதுக்கூடம்), பூட்டிய சேனலைத் திறக்கும் கிரேக்க நாட்டு டிகோடர் கார்டைப் போட்டு பிரீமியர் லீக் கால்பந்தைக் காட்டினார்கள். வெளிநாட்டு கார்டைத் தடை செய்வது ஐரோப்பிய ஒன்றியத்தின் சேவைச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2011-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், கால்பந்து ஆட்டம் காப்புரிமைக்குரிய படைப்பு அல்ல, ஆனால் இடையில் ஒலிக்கும் லீக்கின் பாடலும் திரையில் வரும் கிராஃபிக்ஸும் படைப்புகள், அவற்றைப் பப்பில் காட்ட அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. 90 நிமிட ஆட்டத்தைக் காப்பது சில விநாடி இசையும் ஒரு லோகோவும்!

2018 ஏப்ரல் 1 முதல், ஒன்றியத்துக்குள் பயணம் போகும் சந்தாதாரர் தன் நாட்டுச் சேவையை அப்படியே பார்க்க முடிகிறது. குடியிருக்கும் நாட்டை மாற்றினால் அது பொருந்தாது.

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் ஒரே நாளில் 130-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிந்த பிறகு, உலக உரிமையை மொத்தமாக வாங்கும் பழக்கம் பெருகியது. பார்ப்பவருக்கு எல்லா நாட்டிலும் ஒரே நாளில் கிடைக்கிறது. தயாரிப்பாளருக்கோ வாங்குபவர் ஒருவர்தான். அடுத்த நாட்டுக்கு, அடுத்த சேனலுக்கு விற்கும் வருமானம் போய்விடுகிறது.

விபிஎன் போட்டுப் பார்க்கலாமா?

இணைப்பை வேறு நாட்டு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் பெரும்பாலான நாடுகளில் சட்டப்படியானதே. ஆனால் நாட்டை மறைத்துப் பார்ப்பதைச் சேவைகளின் நிபந்தனைகள் தடுக்கின்றன. கணக்கை முடக்க அவர்களுக்கு அது போதும். காசு கட்டத் தயாராக இருப்பவரைத் தொழில்துறை திருப்பி அனுப்புகிறது என்பதற்கு, இதற்காக விபிஎன் வாங்குபவர்களே சாட்சி.

காசு கொடுத்து 'வாங்கிய' தொடர் என் கணக்கில் இருந்து எப்படிக் காணாமல் போகும்?

நீங்கள் வாங்கியது தொடரை அல்ல, பார்க்கும் அனுமதியை. விற்றவரின் உரிமம் முடிந்தால் அதுவும் முடியலாம். டிவிடியாக இருந்தால் யாரும் வீட்டுக்கு வந்து எடுத்துப் போக முடியாது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் அமலில் உள்ள சட்டம், இப்படிப்பட்ட விற்பனையில் 'வாங்கு' என்று எழுதினால் அது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லச் சொல்கிறது. திரும்பப் பறிக்க முடியாத டவுன்லோடு தந்தால் விலக்கு உண்டு. மற்ற இடங்களிலும் இது வர வேண்டும்.

பழைய நிகழ்ச்சிகளை இணையத்தில் போடுவது சுலபம்தானே? ஏன் கிடைப்பதில்லை?

கோப்பை ஏற்றுவது சுலபம், உரிமையைத் திரட்டுவதுதான் மலை. ஒரு நிகழ்ச்சியில் எழுத்து, இசை, நடிப்பு, செய்திக் காட்சிகள், புகைப்படங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர். அன்று போட்ட ஒப்பந்தத்தில் 'டிவியில் இத்தனை முறை' என்றுதான் இருக்கும். இணையம் என்ற ஒன்று அப்போது இல்லை.

ஐஸ் ஆன் த பிரைஸ் (Eyes on the Prize) என்ற ஆவணத் தொடர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தைப் பற்றி 1987-இல் வெளிவந்தது. செய்திக் காட்சிகளுக்கும் பாடல்களுக்கும் புகைப்படங்களுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரிமம் வாங்கியிருந்தார்கள். அது தீர்ந்ததும் தொடரை ஒளிபரப்பவோ விற்கவோ முடியவில்லை. நன்கொடை திரட்டி, உரிமங்களை மறுபடி வாங்கி, 2006-இல்தான் அது டிவிக்குத் திரும்பியது. ஒரு நாட்டின் வரலாற்று ஆவணம் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்ததற்குக் காரணம் படைப்பாளிகளின் பேராசை அல்ல, ஒப்பந்தத்தில் இருந்த காலக்கெடு.

இன்னொரு பக்கமும் உண்டு. பிபிசி 1960-களிலும் 70-களிலும் தன் பழைய டேப்புகள் பலவற்றை அழித்தது. அதில் டாக்டர் ஹூ தொடரின் பல அத்தியாயங்கள் போயின. அப்படிப் போன அத்தியாயங்களின் ஒலி மட்டும் முழுமையாக மிஞ்சியது, ரசிகர்கள் வீட்டில் டிவி முன் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்திருந்ததால். யாருடைய அனுமதியும் கேட்காமல் எடுத்த அந்தப் பதிவுகள்தான் உரிமையாளரே தொலைத்ததைக் காப்பாற்றின. இன்று ஒரு ஓடிடி தளத்தில் மட்டும் இருக்கும் தொடரை, நிறுவனம் நீக்கினால் யார் வீட்டில் பிரதி இருக்கும்? டிஆர்எம் பூட்டுடன் வரும் படைப்புகளின் பூட்டில்லாத பிரதியை ஆவணக் காப்பகத்தில் கட்டாயமாக ஒப்படைக்கும் சட்டம் தேவை.

எழுதியவருக்கும் நடித்தவருக்கும் இதில் என்ன கிடைக்கிறது?

அமெரிக்க டிவியில் ஒரு தொடர் மறுஒளிபரப்பாகும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு ஒரு தொகை போகும். ஸ்ட்ரீமிங்கில் மறுஒளிபரப்பு என்பதே இல்லை, எப்போதும் கிடைக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் நிறுவனத்திடம் மட்டுமே. 2023-இல் எழுத்தாளர் சங்கம் 148 நாளும் நடிகர் சங்கம் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்ததற்கு இது பெரிய காரணம். எழுத்தாளர்களுக்குக் கிடைத்த உடன்பாட்டில், முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதம் அளவுக்குப் பார்வை எட்டினால் போனஸ் உண்டு. பார்த்த மணிநேரக் கணக்கைச் சங்கத்துக்குத் தரவும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்தியா இதைச் சட்டத்திலேயே வைத்தது. 2012 திருத்தத்தின்படி, ஒப்பந்தம் போட்டபோது இல்லாத ஒரு புதிய ஊடகத்துக்கு, பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், பழைய உரிமை மாற்றம் பொருந்தாது. படத்தில் சேர்ந்த பாடலுக்கும் இசைக்கும், தியேட்டருக்கு வெளியே வரும் ராயல்டியில் சம பங்கை எழுதியவரோ இசையமைத்தவரோ விட்டுக்கொடுக்கவும் முடியாது. உங்களிடம் ஒப்பந்தம் நீட்டப்பட்டால், 'இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா வழிகளிலும்' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிவி நிகழ்ச்சியில் இருந்து ஒரு சிறு காட்சியை யூடியூபில் போட்டால்?

இத்தனை விநாடி வரை சரி என்ற விதி சட்டத்தில் இல்லை. விமர்சனமா, செய்தியா, அப்படியே தூக்கிப் போட்டதா என்பதைப் பொறுத்தது. நடைமுறையில் முதலில் முடிவெடுப்பது நீதிபதி அல்ல, கன்டென்ட் ஐடி என்ற யூடியூப் மென்பொருள். 2007-இல் வந்த அது, உரிமையாளர் கொடுத்த மூலக் கோப்புடன் ஒப்பிட்டு, தடுக்கவோ விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளவோ கண்காணிக்கவோ அவருக்கு வழிவிடுகிறது. அதே 2007-இல் வயகாம் என்ற அமெரிக்க ஊடக நிறுவனம் 100 கோடி டாலர் கேட்டு யூடியூப் மீது தொடுத்த வழக்கு 2014-இல் சமரசமானது. மென்பொருளுக்கு ஒலியும் படமும் தெரியும், விமர்சனம் தெரியாது. உங்கள் வீடியோ தவறாக நீக்கப்பட்டால் எதிர் அறிவிப்பு அனுப்பத் தயங்காதீர்கள்; சட்டம் தந்த உரிமை அது.

திருட்டு ஸ்ட்ரீம்களை ஏன் ஒழிக்க முடியவில்லை?

ஒன்றை மூடினால் வேறு பெயரில் இன்னொன்று முளைக்கிறது. அதனால்தான் டெல்லி உயர் நீதிமன்றம் 2019-இல், புதிதாக முளைக்கும் நகல் தளங்களையும் புது வழக்கு இல்லாமல் சேர்த்துத் தடுக்க வழி செய்தது. இங்கிலாந்து நீதிமன்றம் 2017-இல், கால்பந்து ஆட்டம் நடக்கும் நேரத்தில் மட்டும் திருட்டு ஸ்ட்ரீம் சர்வர்களைத் தடுக்க உத்தரவிட்டது. இத்தாலி 2024-இல் தொடங்கிய பைரசி ஷீல்டு என்ற தடுப்பு அமைப்பு இன்னும் வேகம்: புகார் வந்த 30 நிமிடத்தில் தடை. அந்த ஆண்டு அக்டோபரில் கூகுள் டிரைவின் ஒரு முகவரியே அதில் சிக்கி, எந்தத் தவறும் செய்யாதவர்களின் கோப்புகள் திறக்காமல் போயின. அரை மணி நேரத்தில் தடுக்க அதிகாரம் இருந்தால், தவறைத் திருத்தவும் அதே வேகம் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

உலகம் முழுவதற்கும் ஒரே ஒளிபரப்புச் சட்டம் வருமா?

1998 முதல் வைப்போவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிக்கல் இரண்டு: இணையத்தில் மட்டும் அனுப்புபவருக்கும் ஒளிபரப்பாளரின் பாதுகாப்பு உண்டா, அந்தப் பாதுகாப்பு சிக்னலைத் திருடுவதற்கு எதிராக மட்டுமா அல்லது பதிவான நிகழ்ச்சியின் மீதும் நீடிக்குமா. லைவ் சிக்னலைத் திருடுவதைத் தடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நிகழ்ச்சிக்கு ஏற்கெனவே காப்புரிமை இருக்கிறது. அதை அனுப்பியவருக்கும் அதன் மேல் நீண்ட உரிமை கொடுத்தால், பழைய நிகழ்ச்சியை மீட்க நினைக்கும் காப்பகம் அனுமதி கேட்க வேண்டிய பட்டியலில் இன்னும் ஒரு பெயர் சேரும்.